'டிஸ்கஸ் அபௌட்' பிழையா? கோர்ப்பஸை வைத்து ஆங்கிலப் பாவனையை அளப்பது

கேள்வி: "வெள்ளவத்தையில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டுகிறேன். ஆனால் கொழும்பில் அச்சாகும் ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே அதைக் காண்கிறேன். இது பிழையா, இலங்கை ஆங்கிலமா? கோர்ப்பஸில் தேடிப் பாருங்கள் என்கிறார்கள். காசில்லாமல் எது கிடைக்கும்? எப்படித் தேடுவது? எங்கள் பத்திரிகைகளை வைத்துச் சொந்தமாக ஒன்றைக் கட்டலாமா?"

ரீச்சர், கோர்ப்பஸிடம், அதாவது ஆய்வுக்காகச் சேர்த்துவைத்த மொழித் திரட்டிடம், சரியா பிழையா என்று கேட்டால் பதில் வராது. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபௌட்' வேண்டாம், பேசும் விடயம் நேரே வரவேண்டும் என்பதுதான் பாடநூல் விதி. ஒரு வடிவத்தை யார் எழுதுகிறார்கள், எந்த வகை எழுத்தில் எழுதுகிறார்கள், அதே இடத்தில் வந்திருக்கக்கூடிய மற்ற வடிவத்தோடு வைத்துப் பார்த்தால் இதன் பங்கு என்ன என்று கேட்டால் வரும். ஆகவே முதலில் கேள்வியைத் திருத்திக்கொள்ளுங்கள். "இலங்கையில் எத்தனை தடவை 'டிஸ்கஸ் அபௌட்' வருகிறது" என்பதை விட்டுவிட்டு, "'டிஸ்கஸ்' என்ற வினை வந்த இடங்களில் எத்தனையில் 'அபௌட்' கூட வருகிறது, இலங்கை எழுத்தில் எவ்வளவு, பிரித்தானிய எழுத்தில் எவ்வளவு" என்று கேளுங்கள். எத்தனை என்று எண்ணத் தொடங்குமுன் எத்தனையில் எத்தனை என்று முடிவு செய்யாததால் கவிழ்ந்த ஆய்வுகள்தான் அதிகம். (ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். தேடும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

கூகுளில் தேடினால் காட்டக்கூடிய "சுமார் இத்தனை முடிவுகள்" என்ற எண்ணை ஆதாரமாக வைக்கவேண்டாம். அது பக்கங்களைப் பற்றிய குத்துமதிப்பு. அடுத்த நாள் தேடினால் வேறு எண் வரலாம். மொத்தம் எத்தனை சொற்களுக்குள் தேடியது என்பதும் தெரியாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பது அதைவிட மோசம், அவை எண்ணாமலே எண் சொல்லும். கோர்ப்பஸ் என்றால் எங்கிருந்து, எந்த ஆண்டில், என்ன வகையில் எடுத்தது என்று கணக்கு வைத்துச் சேர்த்த எழுத்தும் பேச்சும். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் அது வெறும் கோப்புக் குவியல்.

கிடைப்பவற்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸும் குச்செராவும் 1964 இல் வெளியிட்ட கோர்ப்பஸ், 1961 இல் அச்சான எழுத்திலிருந்து எடுத்த 500 துண்டுகளால் ஆனது. துண்டுக்குச் சுமார் 2,000 சொல், மொத்தம் 10 இலட்சம். அதே ஆண்டுப் பிரித்தானிய எழுத்துக்கு லங்காஸ்டர்-ஒஸ்லோ-பேர்கன் கோர்ப்பஸையும், 1978 ஆம் ஆண்டு இந்திய எழுத்துக்கு கோலாப்பூர் கோர்ப்பஸையும் பின்னர் இதே அளவில் கட்டினார்கள். அளவும் வகைகளும் ஒத்துப்போவதால்தான் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. சிட்னி கிரீன்பாம் 1988 இல் முன்மொழிந்த சர்வதேச ஆங்கிலக் கோர்ப்பஸ் திட்டத்திலும் நாட்டுக்கு 500 துண்டு. அதில் 300 பேச்சு, 200 எழுத்து. சுருக்கமாக ஐஸ் என்பார்கள். அதன் இலங்கைப் பகுதி ஜேர்மனியின் கீசன் பல்கலைக்கழகமும் கொழும்புப் பல்கலைக்கழகமும் கூட்டாகச் செய்த வேலை. கவனமாகத் தெரிந்தெடுத்தது, ஆனால் சிறியது. பத்து இலட்சம் சொல்லில் 'த' என்ற சொல் எழுபதாயிரம் தடவைக்குக் கிட்ட வரும். நீங்கள் தேடும் வடிவமோ கைவிரல் எண்ணிக்கைக்குள் நின்றுவிடலாம். இலக்கணச் சொற்களுக்கும் காலம், துணைவினை போன்றவற்றுக்கும் ஐஸ் போதும். ஒரு தனி வினையின் பின்னால் வரும் ஓர் இடைச்சொல்லுக்குப் போதாது.

உங்கள் கேள்விக்கு உடனே கைகொடுப்பது குளோப் எனப்படும் உலகளாவிய இணைய ஆங்கிலக் கோர்ப்பஸ். மார்க் டேவிஸ் 2013 இல் வெளியிட்டது. 20 நாடுகளின் இணையப் பக்கங்கள், மொத்தம் 190 கோடிச் சொல். இலங்கைக்கு மட்டும் சுமார் 4 கோடி 60 இலட்சம். அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் அதைப்போல எட்டு மடங்குக்கு மேல் இருப்பதால் வெறும் எண்ணிக்கையை ஒருபோதும் ஒப்பிடாதீர்கள். பத்து இலட்சத்துக்கு எத்தனை என்ற வீதத்தையும் அது இருக்கும் தளமே (english-corpora.org) காட்டும். இதே தளத்தில் அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோகாவும் (1990–2019, 100 கோடிக்கு மேல்), 1990களின் தொடக்கத்தில் கட்டிய 10 கோடிச் சொல் பிரித்தானியத் தேசிய கோர்ப்பஸும், 2010 முதல் இன்றுவரையான செய்திகளைச் சேர்க்கும் நவ் கோர்ப்பஸும் உண்டு. பதிவுசெய்தால் இலவசமாகத் தேடலாம். இடையிடையே சந்தா கேட்கும் பக்கம் வந்து நிற்கும், நாளுக்கு வரம்பும் உண்டு. ஆகவே என்னென்ன தேடுவது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

குளோப்பின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் எந்த நாட்டுக்கு உரியது என்பதை அங்கே கூகுளின் நாட்டுக் கணிப்பை வைத்துத் தீர்மானித்திருக்கிறார்கள். எழுதியவர் யார், எங்கே வளர்ந்தவர் என்பது தெரியாது. இலங்கைத் தளத்தில் இலண்டன்காரர் எழுதிய பயணக் குறிப்பும் "இலங்கை" என்றே எண்ணப்படும். ரொறொன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்காரர் எழுதுவது கனடாக் கணக்கில் போகும். 'த்ரீ-வீலர்', 'டுக்-டுக்' இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதிய பக்கங்கள் அதில் எவ்வளவு என்று முதலில் பார்க்கவேண்டும். நடுக்கோடு போட்டும் இடைவெளி விட்டும் சேர்த்தும் எழுதும் மூன்று வடிவங்களையும் தேடவேண்டும் என்பது அதற்கும் முந்திய பாடம்.

இனித் தேடல். 'டிஸ்கஸ்' என்று சிறிய எழுத்தில் தட்டினால் அந்த ஓர் உருவம்தான் வரும். முழுவதும் பெரிய எழுத்தில் தட்டினால் இந்தத் தளத்தில் 'டிஸ்கஸஸ்', 'டிஸ்கஸ்ட்', 'டிஸ்கஸிங்' எல்லாம் சேர்ந்து வரும். அதன் பின்னால் ஓர் இடைவெளி விட்டு 'அபௌட்'. இது முதல் தேடல். இதோடு நிறுத்தினால் பாதி தப்பிவிடும், ஏனென்றால் நம்மவர் அதிகம் எழுதுவது "டிஸ்கஸ்ட் வித் த மினிஸ்டர் அபௌட்", "டிஸ்கஸ் மோர் அபௌட்", "டிஸ்கஸ் அட் லெங்த் அபௌட்" போன்றவை. தனியாக நிற்கும் ஒரு நட்சத்திரக் குறி அங்கே ஏதாவது ஒரு சொல்லைக் குறிக்கும். ஆகவே நடுவில் ஒரு நட்சத்திரம், இரண்டு, மூன்று என்று போட்டு மேலும் மூன்று தேடல். அப்படிப் போட்டவுடன் வேறொரு தொல்லை வரும்: "டிஸ்கஸ்ட் கன்சேர்ன்ஸ் அபௌட் த பட்ஜட்". இதில் 'அபௌட்' ஒட்டியிருப்பது 'கன்சேர்ன்ஸ்' என்ற பெயரோடு, வினையோடு அல்ல. ஆங்கிலேயரும் இப்படித்தான் எழுதுவார்கள். இதை எண்ணினால் உங்கள் கணக்கு ஊதிவிடும்.

நேரடியாக ஒட்டிவரும் 'டிஸ்கஸ் அபௌட்' கூட முழுக்கச் சுத்தமானதல்ல. விளக்குவதற்காக எழுதிய நான்கு வரிகள்:

…வி ஷல் டிஸ்கஸ் அபௌட் திஸ் வித் த பேரன்ட்ஸ்…
…மெட் டு டிஸ்கஸ் அபௌட் 20 பென்டிங் கேஸஸ்…
…நோ டைம் டு டிஸ்கஸ். அபௌட் நூன் தே லெஃப்ட்…
…'டிஸ்கஸ் அபௌட்' இஸ் எ கொமன் எரர்…

முதல் வரிதான் நமக்கு வேண்டியது. இரண்டாவதில் 'அபௌட்' என்பது "ஏறக்குறைய". மூன்றாவதில் முற்றுப்புள்ளி நடுவில் நிற்கிறது. சில கருவிகள் குறியீடுகளை எண்ணாமல் தாண்டிப் போய்விடும். நான்காவதுதான் பெரிய கள்ளன். ஒரு வடிவம் பிழை என்று பேர் எடுத்துவிட்டால், "இப்படி எழுதாதீர்கள்" என்று சொல்லும் இணையப் பக்கங்களே அந்த வடிவத்தின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். இணையக் கோர்ப்பஸில் இலக்கணச் சர்ச்சைக்குரிய எதைத் தேடினாலும் இது வரும். வரியைச் சொடுக்கினால் மூலப் பக்கம் எது என்று தெரியும், பார்த்துக் கழித்துவிடுங்கள்.

முடிவுகள் நூற்றுக்கணக்கில் என்றால் எல்லாவற்றையும் வாசியுங்கள். ஆயிரக்கணக்கில் என்றால் எழுமாற்றாக 200 வரி எடுத்து வாசித்து, உண்மையானவை எத்தனை வீதம் என்று பாருங்கள். 200 இல் 150 தேறினால் 75 வீதம், கூடக்குறைய 6 புள்ளி. அந்த வீதத்தால் மொத்தத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். முதல் 200 வரி எடுப்பது எழுமாறு அல்ல. பட்டியல் பெரும்பாலும் மூலத்தின் ஒழுங்கில் வருவதால் ஒரே தளத்தின் வரிகள் ஒன்றாகக் குவிந்திருக்கும்.

வரிகளை வகைபிரிக்கத் தொடங்குமுன் விதிகளை எழுதி வையுங்கள். "டிஸ்கஸ் மோர் அபௌட்" சேருமா சேராதா? "வட் வி டிஸ்கஸ்ட் அபௌட்" சேருமா? எப்படி முடிவெடுத்தாலும் பரவாயில்லை, நடுவில் மாற்றாமல் இருந்தால் சரி. முடிந்தால் இன்னொருவரிடம் அதே 200 வரியைக் கொடுத்துத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒத்துப்போகாத வரிகள்தான் உங்கள் விதியின் ஓட்டையைக் காட்டும்.

கணக்குக்கு வருவோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. இலங்கைப் பகுதியில் 'டிஸ்கஸ்' வினை 500 இடத்தில், அதில் 40 இல் 'அபௌட்'. ஒப்பிடும் பகுதியில் 1,000 இடத்தில் 50. அதாவது 8 வீதம், 5 வீதம். வித்தியாசம் தற்செயலா? இரண்டையும் சேர்த்தால் 1,500 இல் 90, அது 6 வீதம். வித்தியாசமே இல்லையென்றால் முதலாவதில் 30, இரண்டாவதில் 60 வந்திருக்கவேண்டும். 'அபௌட்' இல்லாதவை 470, 940. நான்கு கட்டத்திலும் விலகல் 10, வர்க்கம் 100. 100ஐ 30, 470, 60, 940 ஆகியவற்றால் வகுத்துக் கூட்டினால் 5.32. வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் இந்தக் கணக்குக்குக் கை-வர்க்கப் பரிசோதனை என்று பெயர். அதில் 5 வீத மட்டத்துக்கு (தற்செயலாக இப்படி வர நூற்றில் ஐந்து வாய்ப்பு) 3.84 போதும், 1 வீத மட்டத்துக்கு 6.63 வேண்டும். ஆகவே முதலாவதைத் தாண்டுகிறது, இரண்டாவதில் நின்றுவிடுகிறது. கோர்ப்பஸ்காரர்கள் கை-வர்க்கத்துக்குப் பதிலாக லொக்-லைக்லிஹுட் என்ற இன்னொரு பரிசோதனையை அதிகம் பாவிப்பார்கள். வெட்டு எண்கள் அதே 3.84, 6.63 தான்.

இதை வைத்துக் கட்டுரை எழுத உட்காருமுன், அந்த 40 வரிகளும் யார் யாருடையவை என்று பாருங்கள். 25 வரி ஒரே பத்தி எழுத்தாளருடையவை என்று வைத்துக்கொள்வோம். அவர் 'டிஸ்கஸ்' எழுதியதே 30 இடத்தில்தான். அவரை எடுத்துவிட்டால் மிச்சம் 470 இல் 15, அது 3.2 வீதம். இப்போது இலங்கைதான் குறைவு! ஒருவருடைய கைப்பழக்கம் ஒரு நாட்டின் வழக்காகத் தெரிந்திருக்கும். மேலே செய்த பரிசோதனை ஒவ்வொரு வரியும் மற்றதைச் சாராதது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே ஆள் எழுதிய 25 வரி அப்படியல்ல. எத்தனை வரி என்பதன் பக்கத்திலேயே எத்தனை எழுத்தாளர், எத்தனை கோப்பு என்ற இரண்டு எண்களும் எப்போதும் இருக்கவேண்டும். ஆய்வுக்கட்டுரைகளில் இந்த இரண்டு எண்களைக் காணாவிட்டால் நான் மேற்கொண்டு நம்பி வாசிப்பதில்லை.

சொந்தக் கோர்ப்பஸ் கட்டுவது நல்ல யோசனை. எழுத்தாளர் யார், அது எந்த வகை எழுத்து என்பது உங்கள் கையில் இருக்கும் ஒரே வழி அதுதான். டெய்லி நியூஸ், டெய்லி மிரர், தி ஐலண்ட், சன்டே டைம்ஸ் என்று எதை எடுத்தாலும் முதல் வேலை கழிப்பது. ரோய்ட்டர்ஸ், ஏஎஃப்பி செய்திகள் கொழும்பில் அச்சானாலும் கொழும்பில் எழுதப்பட்டவை அல்ல. வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து எடுத்துப் போடும் கட்டுரைகளும் அப்படியே. நிறுவனங்கள் அனுப்பும் ஊடக அறிக்கை நான்கு பத்திரிகையில் நான்கு தடவை வரும், ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்குங்கள். விளையாட்டு, வணிகம், ஆசிரிய தலையங்கம், வாசகர் கடிதம் எல்லாவற்றையும் கலக்காமல் தனித்தனி அடைவில் வையுங்கள். வாசகர் கடிதத்தில் கூடுதலாகவும் தலையங்கத்தில் இல்லாமலும் இருந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. கலந்துவிட்டால் தெரியாமலே போய்விடும்.

அளவு? உங்கள் கேள்விக்கு 10 இலட்சம் சொல் இருந்தால் நல்லது, தொடங்குவதற்கு 2 இலட்சமும் போதும். கட்டுரைக்கு ஏறக்குறைய 800 சொல் என்றால் 250 கட்டுரை. ஒரே ஆளிடம் 3 கட்டுரைக்கு மேல் எடுக்கவேண்டாம். கோப்புப் பெயரிலேயே பத்திரிகை, ஆண்டு, மாதம், வகை, தொடர் எண் வரவேண்டும். எழுத்தாளர், தலைப்பு, எடுத்த திகதி ஆகியவற்றை எக்செல் தாளில் ஒரு வரியாகப் பதியுங்கள். இந்தத் தாளைப் பிறகு செய்யலாம் என்று விட்டவர்கள் பிறகு செய்வதே இல்லை.

எழுத்தை வெறும் டெக்ஸ்ட் கோப்பாக, யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமியுங்கள். வேர்ட் கோப்பிலிருந்து மாற்றும்போது குறியேற்றம் பிழைத்தால் வளைந்த மேற்கோள் குறிகளும் காற்புள்ளி போன்ற மேற்குறியும் சிதைந்து, 'டோன்ட்' என்ற சொல் ஏதோ குப்பையாக வரும். பிடிஎஃப்பிலிருந்து எடுத்தால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். இரண்டு பத்தியாக அச்சான பக்கம் இடமிருந்து வலமாக ஒன்றாகக் கலந்துவிடும். வரி முடிவில் உடைந்த சொற்கள் இரண்டு பாதியாக எண்ணப்படும். தலைப்பும் பக்க எண்ணும் ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப வந்து போலிச் சொற்றொடர்களை உண்டாக்கும்.

இலங்கைக்கே உரிய நான்காவது தொல்லை மும்மொழி ஆவணம். பாராளுமன்ற ஹன்சாட்டில் ஒவ்வொரு உரையும் பேசிய மொழியிலேயே இருக்கும், ஆங்கில உரைகளைத் தனியே பிரித்தெடுக்கவேண்டும். அரச பிடிஎஃப்கள் பலவற்றில் தமிழ் பாமினி போன்ற பழைய எழுத்துருவிலும் சிங்களம் எஃப்எம் அபய போன்றவற்றிலும் இருக்கும். இவை யுனிகோட் அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. திரையில் தமிழாகத் தெரிவதைப் பிரதிசெய்து ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டங்களாக விழும், கருவி அவற்றை ஆங்கிலச் சொல்லாகவே எண்ணும். மொத்தச் சொற்கள் ஊதும், வீதங்கள் எல்லாம் குறையும், சொற்பட்டியலில் விசித்திரமான "சொற்கள்" நிறைந்திருக்கும். கோர்ப்பஸ் கட்டியவுடன் சொற்பட்டியலைத் திறந்து, ஒரேயொரு தடவை வரும் சொற்களை மேலோட்டமாகப் பாருங்கள். எந்தக் கோர்ப்பஸிலும் வெவ்வேறு சொற்களில் பாதியளவு ஒரு தடவைதான் வரும், அது இயல்பு. ஆனால் அவற்றில் பாமினிக் குப்பை கிடந்தால் உடனே கண்ணில் படும்.

தேடுவதற்கு அன்ட்கொங்க் போதும். டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்து லோரன்ஸ் அந்தனி எழுதி இலவசமாகத் தரும் மென்பொருள். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய மடிக்கணினியும் தாங்கும். நான்காம் பதிப்பில் கோப்புகளை முதலில் கோர்ப்பஸ் மனேஜரில் ஏற்றி ஒரு கோர்ப்பஸாகக் கட்டிவிட்டுத்தான் தேடமுடியும். இங்கே நட்சத்திரத்தின் பொருள் வேறு: சொல்லுக்குள் எத்தனை எழுத்தும். 'டிஸ்கஸ்' உடன் நட்சத்திரம் ஒட்டினால் 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லும் வந்துவிடும். 'டிஸ்கஷன் அபௌட்' எல்லா நாட்டிலும் சரியான வழக்கு. அது கலந்தால் எல்லாம் போச்சு. வினையின் நான்கு உருவங்களையும் பட்டியலாகக் கொடுத்துத் தேடுங்கள். சொல் என்றால் எழுத்துகள் மட்டும் என்பது அதன் இயல்பான அமைப்பு. ஆகவே 'டோன்ட்' இரண்டாக உடைந்து, சொற்பட்டியலில் ஒற்றை எழுத்துகள் மேலே ஏறி நிற்கும். அமைப்பை மாற்றலாம், ஆனால் ஒப்பிடும் இரண்டு கோர்ப்பஸுக்கும் ஒரே அமைப்பு இருக்கவேண்டும். வரிகளை வலப்பக்கத்து முதல், இரண்டாம், மூன்றாம் சொல்லின்படி அடுக்கினால் 'அபௌட்' வரும் வரிகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். பிளொட் பகுதி எந்தக் கோப்பில் எத்தனை என்று பட்டைகளாகக் காட்டும். மேலே சொன்ன ஒற்றை எழுத்தாளர் தொல்லை அங்கே ஒரு பார்வையில் தெரியும்.

கொலோகேஷன், அதாவது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் கூடி வருகிறது என்பதற்கு, எம்ஐ மதிப்பெண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். இரண்டு சொற்கள் தற்செயலாக எதிர்பார்ப்பதைவிட எவ்வளவு அதிகமாகச் சேர்ந்து வருகின்றன என்று அளக்கும் எண் அது. 10 இலட்சம் சொல் கோர்ப்பஸில் ஒரேயொரு தடவை வரும் இரண்டு சொற்கள் தற்செயலாகப் பக்கத்தில் நின்றால் அதன் எம்ஐ ஏறக்குறைய 20. வழக்கமான வெட்டு எண் 3. எழுத்துப்பிழைகளும் ஆட்பெயர்களும் பட்டியலின் உச்சியில் நிற்பது இதனால்தான். குறைந்தது 5 தடவை என்று வரம்பு வையுங்கள், அடிக்கடி சேர்ந்து வரும் சொற்களுக்கு முன்னிடம் தரும் டி மதிப்பெண்ணையும் பக்கத்தில் பாருங்கள்.

கோர்ப்பஸ் தானாகப் பிரிக்கமுடியாத இடங்களும் உண்டு. "கெட் டவுன்" என்பதை நம்மவர் "இந்தியாவிலிருந்து ஒரு ஸ்பெஷலிஸ்டை கெட் டவுன் பண்ணினார்கள்" என்ற கருத்தில் எழுதுவது இலங்கை ஆங்கிலத்தின் பெயர்பெற்ற அடையாளம். தேடினால் வருவது பஸ்ஸிலிருந்து இறங்குவது, குனிவது, வேலையில் இறங்குவது, மனம் சோர்வது எல்லாம். வரவழைப்பது என்ற கருத்து அவற்றின் நடுவில் புதைந்து கிடக்கும். செயப்படுபொருள் 'கெட்'டுக்கும் 'டவுன்'னுக்கும் நடுவிலும் வரலாம். சொல்வகை குறிக்கும் மென்பொருள்கள் 96, 97 வீதம் சரியாகச் செய்யும் என்பது பிரித்தானிய, அமெரிக்க அச்செழுத்துக்குச் சொன்ன கணக்கு. கருத்தைப் பிரிக்க அவற்றாலும் முடியாது. இப்படியான வடிவத்துக்கு ஒவ்வொரு வரியாக வாசித்து எக்செலில் குறிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பேச்சைச் சேர்க்க ஆசைப்பட்டால் நேரக் கணக்கைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். 2,000 சொல் என்பது கால் மணிநேரக் கதை. ஒரு மணிநேர ஒலிப்பதிவை ஒழுங்காக எழுத்தாக்கப் பத்து மணிநேரம் தாராளமாகப் போகும். வெள்ளவத்தையில் இரண்டு பேர் ஆங்கிலத்தில் கதைத்தால் நடுவில் "ஐயோ", "மச்சான்", அரை வசனம் தமிழ், கால் வசனம் சிங்களம் எல்லாம் வரும். அவற்றை அழிக்கவேண்டாம், அடையாளக்குறி போட்டு வையுங்கள். ஐஸ் திட்டத்திலும் உள்ளூர் மொழிச் சொல்லுக்குத் தனிக் குறி உண்டு. ஹன்சாட்டைப் பேச்சாக எண்ணுவது எனக்கு உடன்பாடில்லை. அது அச்சுக்காகத் திருத்திய உரை. தயக்கமும் திருப்பிச் சொல்வதும் அதில் இருக்காது.

பிள்ளைகளின் கட்டுரைகளை வைத்து ஒரு சிறு கோர்ப்பஸ் செய்தால் பத்திரிகைக் கோர்ப்பஸுக்குப் பக்கத்தில் வைக்க நல்ல துணை. பெயரை நீக்கி எண் போடுங்கள், பெற்றோரின் எழுத்துச் சம்மதம் எடுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசித்துவிடுங்கள். பத்திரிகைக் கட்டுரைகளுக்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நியாயமான பாவனைக்கு இடமுண்டு. சொந்த ஆய்வுக்கு வைத்துத் தேடுவது ஒன்று, முழுக் கட்டுரைகளையும் இணையத்தில் ஏற்றிப் பகிர்வது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு இப்போது வரலாம். தெற்காசிய ஆங்கிலங்களை ஆராய்ந்தவர்கள் 'டிஸ்கஸ் அபௌட்' வடிவத்தைப் பல தடவை பதிவுசெய்திருக்கிறார்கள். ஆபிரிக்க ஆங்கிலங்களிலும் அது உண்டு. அதனால் தமிழ்ப் பிள்ளை "அதைப் பற்றி" என்று நினைத்து எழுதியது என்ற விளக்கம் மட்டும் போதாது. 'டோக் அபௌட்', 'டிஸ்கஷன் அபௌட்' ஆகியவற்றின் சாயலில் ஆங்கிலத்துக்குள்ளேயே பிறக்கக்கூடிய வடிவம் இது. ஆனால் இலங்கையிலும் இந்தியாவிலும் கூட 'அபௌட்' இல்லாத வடிவம்தான் மிகப் பெரும்பான்மை. கற்பவரின் தவறா, ஊரின் வழக்கா என்று பிரிக்க நான் பார்ப்பது இரண்டு: ஆசிரியர் பீடம் திருத்தி அச்சிட்ட எழுத்தில் வருகிறதா, ஒருவரையொருவர் அறியாத பல எழுத்தாளரிடம் பரவலாக வருகிறதா. இரண்டும் ஆம் என்றால் வழக்கு. பிள்ளைகளின் கட்டுரையில் மட்டும் நிறைந்திருந்தால் கற்றல் நிலை. உங்கள் 250 கட்டுரைகளே இதற்குப் பதில் சொல்லும்.

அதுவரை வகுப்பில் சிவப்புப் பேனையை முழுதாகக் கீழே வைக்கவேண்டாம். பரீட்சைக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் 'அபௌட்' இல்லாத வடிவத்தை எழுதப் பழக்குங்கள், ஏனென்றால் எந்த நாட்டு வாசகரும் அதில் குறை காணமாட்டார். வெட்டும்போது "ஆங்கிலத்தில் இப்படி இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை அதே நாள் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வரும்.

எழுதி வெளியிடும்போது கோர்ப்பஸின் பெயர், தேடிய திகதி, தட்டிய தேடல்கள் எழுத்துக்கு எழுத்து, மென்பொருளின் பதிப்பு எண், கழித்த வரிகள் எத்தனை, ஏன் கழித்தீர்கள் என்பதையெல்லாம் பின்னிணைப்பில் போடுங்கள். நவ் போன்று நாளாந்தம் வளரும் கோர்ப்பஸில் திகதி இல்லாத எண்ணை யாரும் சரிபார்க்க முடியாது. வகைபிரித்த எக்செல் தாளையும் வைத்திருங்கள். மேற்பார்வையாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.